கூட்டிச் சொன்ன ஒன்பது விநாடி

மகள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து இயற்பியல் வாத்தியார் போன் செய்தபோது, பாலாநகரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேன்டீனில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். "இத்தரு அம்மாயில பேர்லு இவ்வண்டி மேடம், சாலு" என்றார் தெலுங்கில். இரண்டு பெண் பிள்ளைகளின் பெயர் கொடுத்தால் போதுமாம். பள்ளிகளுக்கான ரோபோ போட்டி ஒன்று வருகிறது, ஒரு குழுவுக்கு ஐந்து பேர், அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். பையன்கள் மூன்று பேர் தயாராக இருந்தார்கள். என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் பெயரைப் போட்டுக்கொண்டு, கூட இன்னொருத்தியையும் பிடித்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் போன்.

பெயரைப் போட்ட பிறகு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, சார்ட் பக்கத்தில் நின்று நடுவர்களிடம் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசினால் ஆயிற்று, மற்றதைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்தத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, அதாவது சால்டரிங் செய்து அனுப்பும் எலெக்ட்ரானிக் போர்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, அளந்து, அளந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதற்கு முன்னால் ஆறு வருஷம் சால்டரிங் மேசையிலேயே உட்கார்ந்தவள். அந்த மேசைகளில் வரிசையாகப் பெண்கள்தான் இருந்தோம். சின்ன வேலை, பொறுமையான வேலை என்றால் பெண்களைக் கூப்பிடுவார்கள். அப்படியிருக்க, இவர்கள் சார்ட் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா என்று போனிலேயே பொரிந்து தள்ளிவிட்டேன். வாத்தியார் நல்ல மனிதர். அப்படியானால் நீங்களே வந்து சொல்லிக்கொடுங்கள் மேடம் என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்கு ஒன்றும் புதிதில்லை.

நாங்கள் லோத்குண்டாவில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவர் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வேலை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் கார் இல்லை, கார் ஷெட் இருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கேதான் வகுப்பு என்று முடிவாயிற்று. இன்னொரு பெண் பிள்ளை வேண்டுமே என்று வீடு வீடாகப் போனேன்.

சாஃப்ட்வேர் கம்பெனிகள் திடீரென்று ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்த வருஷம் அது. அப்பாக்கள் எல்லாரும் பயந்து போயிருந்தார்கள். எட்டாவது படிக்கும் பிள்ளையைக்கூட அமீர்பேட்டில் கோச்சிங்குக்குச் சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை என்றாலே கையெடுத்துக் கும்பிட்டார்கள். பதினோரு வீடு ஏறி இறங்கினேன். எங்கள் தமிழ்க்காரர்கள்தான் ரொம்ப மோசம். ஒரு அம்மாள், "சூடு பட்டுக் கையில தழும்பு விழுந்தா நாளைக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டாள். தழும்பு விழுந்த என் கையால்தான் அவள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் சென்னைக்காரி. கணவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். சிரித்த முகம், எதையும் தேனில் தோய்த்துத்தான் சொல்வாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்கு மேடை, கப்புன்னு வந்தா உங்க பொண்ணுதான் முன்னாடி நிக்கப்போறா. எங்க பொண்ணு வந்து ஆணி பொறுக்கறதுக்கு எதுக்கு?" என்றாள். நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கடைசியாக, ராணுவக் குடியிருப்பு ஓரத்தில் யூனிஃபார்ம் தைக்கும் டெய்லர் கடைக்குப் போனேன். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. இங்கே மட்டும் எப்படி விடப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நீளமாக ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். பாதிகூட முடியவில்லை. "மெஷின் கா காம் ஹை நா?" என்று, மெஷின் வேலைதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஹவ் மேடம், லே ஜாவ்", சரி கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டுத் தையலைத் தொடர்ந்தார். மெஷினை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

இப்படி ஐந்து பேர் சேர்ந்தார்கள். முதல் சனிக்கிழமை, பையன்கள் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துக்கொண்டு, பெண்கள் இரண்டு பேரையும் டார்ச் பிடிக்கச் சொன்னார்கள். அவர்களும் மறுபேச்சில்லாமல் பிடித்தார்கள். அதைப் பார்த்ததும் அயர்னைப் பிடுங்கி, ஆளுக்குப் பத்து நிமிஷம், முறை வைத்துத்தான் என்று சொல்லிவிட்டேன். ரோபோ என்றால் கண்ணும் மூக்கும் வைத்த பொம்மை இல்லை. நாலு சக்கரம், முன்னால் ஒரு கை, மேலே ஒரு பேட்டரி. ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்றில் ஆறு சுவிட்ச் வைத்து, நீளமான வயரால் அதோடு இணைத்திருப்போம். அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஓட்ட வேண்டும். தரையில் வைத்திருக்கும் பவுடர் டப்பாக்களை அது ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கூடையில் போட வேண்டும். யார் சீக்கிரம் போடுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம்.

சுவிட்ச் பெட்டிக்கு வயர் இணைத்தது என் மகள். முதல் தடவை இடதை அமுக்கினால் வலது பக்கம் போயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "ஏட்டி, புகை வருதுல்லா, மூஞ்சிய எடு" என்று நான் சொன்னால், "ஐ நோ மா" என்பாள். நான் தமிழில் கேட்பதும் அவள் இங்கிலீஷிலோ இந்தியிலோ பதில் சொல்வதும் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. அவள் தமிழில் பேசினால் ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறாள் என்று அர்த்தம்.

அப்படித்தான் ஒரு நாள், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, போட்டில நான்தான் ஓட்டணும். என்னைய ஓட்ட விடுவியா?" என்று கேட்டாள்.

"யாரு நல்லா ஓட்டுதாளோ அவ ஓட்டுவா" என்றேன்.

"அப்ப நான்தான்" என்றாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் கார் ஷெட்டில் டப்பா உருளும் சத்தம்தான். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுத்தான் பெட்டியைத் தொடுவாள், அதனால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அவளுக்கு முன்னே பின்னே எதிலும் இப்படி ஆசை வந்து நான் பார்த்ததில்லை. பாட்டு வகுப்பில் சேர்த்தேன், விட்டுவிட்டாள். இறகுப்பந்து சேர்த்தேன், அதையும் விட்டாள். இதை மட்டும் விடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவள் ஓட்டும்போது அந்தக் கை தயங்கவே தயங்காது.

யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது, வாத்தியார் மூன்று பையன்களில் உயரமானவனைக் கை காட்டினார். அவன் வீட்டில் வீடியோ கேம் ஆடுகிறவனாம், கை பழகியிருக்குமாம். நான் விடுவேனா? ஐந்து பேரும் ஓட்டட்டும், கடிகாரம் சொல்லட்டும், கடிகாரத்துக்கு ஆணா பெண்ணா தெரியாது என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். ஸ்டாப்வாட்ச் என்னுடையது, நேரம் பார்ப்பதும் நான்தான் என்று ஆயிற்று.

இங்கேதான் என் புத்தி மழுங்கிப் போனது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது சொந்தக்காரர் யாராவது விண்ணப்பித்திருந்தால், முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். என் சித்தி மகன் ஒரு தடவை தேர்வுக்கு வந்தபோது நான் அந்தப் பக்கமே தலை வைக்கவில்லை. அதே போல, வாட்சை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தால் தீர்ந்தது விஷயம். இவ்வளவு வருஷ சர்வீஸ் போட்டவளுக்கு அது தோன்றவில்லை. சொந்தக்காரர் என்றால் பாரபட்சம் வரும் என்று தெரியும். அது அவளுக்கு எதிராகவும் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பள்ளிக்கூட இறகுப்பந்து மைதானத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். எட்டு டப்பா வைத்தோம். பையன்கள் மூன்று பேரும் முதலில் ஓட்டினார்கள். உயரமானவனுக்குத் தொண்ணூற்றேழு விநாடி, மற்ற இருவருக்கும் நூறைத் தாண்டிற்று. அடுத்து டெய்லர் மகள். நன்றாகத்தான் ஓட்டினாள். ஐந்தாவது டப்பாவைக் கீழே போட்டுவிட்டு, திரும்பிப் போய் எடுத்து வந்தாள். தொண்ணூற்றொன்று. பையன்கள் முகம் தொங்கிப் போயிற்று. எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது.

என் மகள் பெட்டியைக் கையில் வாங்கியபோது எதிர்வீட்டு அம்மாள் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் பெண்ணுக்கு அங்கே சனிக்கிழமை நடன வகுப்பு, கூட்டிப் போக வந்திருந்தாள். இரண்டு டப்பா போனதும், "நல்லா வருதே. கோச் வீட்லயே இருக்காங்க, வராம என்ன?" என்றாள் வாத்தியாரைப் பார்த்து. அவர் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மகள் எட்டாவது டப்பாவைப் போட்டாள். ஒன்றைக்கூடக் கீழே போடவில்லை. வாட்சை நிறுத்தினேன். எண்பத்து நாலு.

"தொண்ணூத்து மூணு" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிற்று, நான் கேட்டேன். வாத்தியார் எழுதப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். "கரெக்டா மேடம்?" என்றார். "கரெக்ட்" என்றேன். பொத்தானை அமுக்கி வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். டெய்லர் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என் மகளைப் பார்த்தாள். என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு "ஓகே" என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடி, முறுக்கு விழாமல் சுற்றினாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பேரு கெடாமப் பாத்துக்கிட்டே. விடு, சின்னப் பிள்ள, மறந்துரும்" என்றார். நானும் சரி என்றேன். அழுகை வரவில்லை, தூக்கம் கெடவில்லை. திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போய் வழக்கம்போல் போர்டுகளை அளந்து, அளந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்வார்களே, கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படி இருந்தது. ஊசி கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். இது இறங்கவில்லை.

போட்டி ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் நடந்தது. டெய்லர் மகள் ஓட்ட, மற்றவர்கள் பேட்டரி, வயர் என்று ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டார்கள். நடுவர்களிடம் பேச ஒரு ஆள் வேண்டும், இங்கிலீஷ் நன்றாக வருவது உங்கள் பெண்ணுக்குத்தான் என்றார் வாத்தியார். நான் தலையாட்டினேன். எந்தச் சார்ட்டுக்காக அவரோடு போனில் மல்லுக்கு நின்றேனோ, அந்தச் சார்ட் பக்கத்தில் என் மகள் பள்ளிக்கூட யூனிஃபார்மில் ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றாள். நிறுத்தியவள் நான்தான்.

ஒரு நடுவர் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வயரிங் சுத்தமாக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார். எல்லாரும் சேர்ந்து செய்தோம் என்று இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

டெய்லர் மகள் எட்டு டப்பாவையும் ஒன்றுகூடத் தவறாமல் போட்டாள். முதல் பரிசு. அவள் அப்பா அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை. என் எதிரில் நின்று கையை நெஞ்சில் வைத்தார். நானும் கும்பிட்டேன். அந்தப் பெண் குழந்தை அழுதுகொண்டே என் மகளைக் கட்டிப்பிடித்தாள். என் மகளும் அவளைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக் கொடுத்தாள். அதில் பொய் இல்லை. அவளுக்கு அந்தப் பெண் மேல் கோபமே இருந்ததில்லை.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கிரேட் நீங்க. சொந்தப் பொண்ணுன்னு பாக்கலை பாருங்க. நான்கூட அன்னைக்கு ஏதோ சொல்லிட்டேன்" என்றாள். அடுத்த வாரம் தன் பெண்ணைச் சேர்த்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டில் அனுப்பினார்கள். அடுத்த வருஷம் ஆறு பெண்கள். நான் தெருவில் போனால், நியாயமான மேடம் என்று எழுந்து நிற்காத குறைதான். பதினோரு வீடு ஏறி இறங்கிக் கெஞ்சியும் நடக்காதது, ஒன்பது விநாடி கூட்டிச் சொன்னதில் நடந்தது. இதை வைத்து நான் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எப்படிப் போட்டாலும் சரியாகத்தான் வரும். சரியாக வந்து என்ன?

மகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி, அவளும் அழுது, தீர்ந்திருக்கும். இன்னும் இரண்டு சனிக்கிழமை வந்தாள். புதுப் பெண்களுக்கு அயர்னை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தாள். மூன்றாவது சனிக்கிழமை டெஸ்ட் இருக்கிறது என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் டெஸ்ட். பிறகு நானும் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை. கார் ஷெட்டில் நாங்கள் பேசுவது சமையலறைக்குக் கேட்கும். அவள் சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பத்தாவது முடிந்து, பிளஸ் டூவுக்கு அங்கே பெயர் இன்டர்மீடியட், அதற்கு விண்ணப்பம் வாங்கி வந்தோம். கணிதமும் இயற்பியலும் சேர்ந்த எம்.பி.சி. குரூப்பைத்தான் எழுதுவாள் என்று இருந்தேன். காமர்ஸ் குரூப்பை எழுதியிருந்தாள்.

"ஏட்டி, இது என்னத்துக்கு? மெஷின்னா உனக்கு உசிருல்லா" என்றேன்.

"ஐ டோன்ட் லைக் இட் மா. நக்கோ" என்றாள். நக்கோ என்றால் அந்த ஊர் இந்தியில் வேண்டாம்.

அப்போதுதான் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேலாக நாக்கு நுனியில் இருந்தது, எப்படி வந்தது என்று தெரியவில்லை. "அன்னைக்கு உன் நேரம் எண்பத்து நாலு. நான்தான் கூட்டிச் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். தமிழில் பேசினாள். "அவ ஒரு டப்பாவ கீழ போட்டுட்டுத் திரும்பப் போய் எடுத்தா. நான் ஒண்ணுகூடப் போடலை. எனக்கு எப்படிமா அதிகமா வரும்? சாருக்கும் தெரியும். நீ சொன்னா யாரு மறுத்துப் பேசுவா?"

நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், வாத்தியாரிடம் சொல்கிறேன், எதிர்வீட்டிலும் சொல்கிறேன், எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். சொல்லியிருப்பேன். அந்த நிமிஷத்தில் நிஜமாகவே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"வேண்டாம்மா. அவ கப்போட நிக்கற போட்டோவ அவ அப்பா கடையில மாட்டி வச்சிருக்காரு. யாரு கிட்டயும் சொல்லாத" என்றாள்.

"சரி" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. சால்டரிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நான் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தாள்.

"பாத்தியா, சொல்ல வேண்டாம்னதும்தான் உனக்கு மூச்சே வருது" என்றாள்.

அவள் சொன்னது சரி. எனக்கு மூச்சு வந்திருந்தது.